நொமிக்கி கட்டிப்போட்ட கூரை

சக்கெலாரிஸ் மூன்று சிவப்பு ஓடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கே நொமிக்கி முடிவு செய்துவிட்டாள், இது தன் வீட்டின் மேல் ஏறப்போவதில்லை என்று. ஆனால் உடனே வாயைத் திறக்கவில்லை. வந்தவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நுரை கலையாமல் கோப்பையில் ஊற்றி, பக்கத்தில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரும் வைத்தாள். அவள் இத்தனை மரியாதையாக நடந்துகொண்டால் சண்டை நிச்சயம் என்று பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா என்ன?

"கனத்தைப் பாரு நொமிக்கி," என்றான் சக்கெலாரிஸ். ஓடுகளை ஒவ்வொன்றாகப் புதுத் தரையின் மேல் இறக்கினான். வலது கையால்தான் இறக்கினான். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. "இந்த மாதிரி ரெண்டாயிரம் வரும். எந்தக் காத்து வந்து தூக்குதுன்னு நானும் பாக்கறேன்."

"அழகா இருக்கு. காபி ஆறுது, குடி."

"நக்கலா?"

"அழகா இருக்குன்னுதானே சொன்னேன்? அழகு வேற, கூரை வேற."

அது 1976 ஆகஸ்ட். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கிற டார்வினில் மழை நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. நைட்கிளிஃப் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டுமானம்தான். புயலடித்த பழைய வீடுகளில் அவற்றை உயரத் தூக்கி நிறுத்திய தூண்களும் பலகைத் தளமும் மட்டும் மிஞ்சியிருந்தன. சுவரில்லாத அந்தத் தளங்களைப் பார்த்து, ஆட்டம் போடத் தோதான மேடை என்று ஊரே கேலி பேசிற்று. அழுது ஓய்ந்த ஊருக்குக் கேலிதானே மிச்சம்! நொமிக்கியின் பழைய வீட்டிலும் அதே கதைதான். அந்தத் தளத்துக்கு அடியில் ஒரு கேரவன் வண்டியை நிறுத்தி அவளும் சக்கெலாரிஸும் அதில் குடியிருந்தார்கள். பக்கத்திலேயே புது வீட்டுக்குச் சக்கெலாரிஸ் தன் கையாலேயே சுவர் எழுப்பிவிட்டான். அஸ்திவாரத்தில் சேவல் அறுத்து ரத்தம் விட்டாயிற்று, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தாயிற்று. சிமெண்டுக் கல் சுவர், ஒவ்வொரு கல்லின் குழியிலும் காங்கிரீட். எட்டிப் பார்த்தவர்களெல்லாம் "சக்கெலாரி, வீடு கட்டறியா, கோட்டை கட்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கூரை மட்டும்தான் பாக்கி.

அந்தக் கூரையில்தான் வினை. சக்கெலாரிஸ் சபதம் போட்டிருந்தான், தன் தலைக்கு மேல் இனித் தகரம் வராது என்று.

அவனைக் குறை சொல்ல முடியாது. 1974 கிறிஸ்துமஸ் புயலில் அவர்கள் வீட்டுத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனது. கடைசியாக மிஞ்சிய தகடு ஒன்றின் ஓரத்தை அவன் இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தான். காற்றோடு மல்லுக்கு நின்றான், மடையன்! தகடு போனது, கூடவே இரண்டு விரலும் போயின. பதினோரு வயது மகள் தெமெலினாவைக் குளியல் தொட்டியில் படுக்கவைத்து அவள் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள் நொமிக்கி. விடிகிற வரைக்கும் தார்ச்சாலையில் தகடுகள் உரசிக்கொண்டு ஓடிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவரும் பேசியதில்லை. தட்டும் தட்டும் உரசினால் தெமெலினா காதைப் பொத்திக்கொள்வாள், அவ்வளவுதான்.

பிறகு அரசாங்கம் ஊரைக் காலி செய்து இவர்களையும் விமானத்தில் ஏற்றித் தெற்கே அடிலெய்டுக்கு அனுப்பியது. அங்கே சக்கெலாரிஸின் தங்கை செவாஸ்தி வீட்டில், பின்கட்டு அறையில், பதினாலு மாதம். நாத்தனார் நல்லவள்தான், சும்மா சொல்லக்கூடாது. "உன் வீடுன்னு நினைச்சுக்கோ அண்ணி" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவாள். சொந்த வீட்டை எவளாவது அப்படி நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா? நொமிக்கி அடுப்பில் ஒரு பாத்திரம் ஏற்றுவதற்கும் அனுமதி கேட்டாள். அந்தப் பதினாலு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இனி எந்த ஊரிலும் எவர் வீட்டுப் பின்கட்டிலும் தன்னால் இருக்க முடியாது.

ஆனால் தெமெலினா இன்னும் அங்கேதான் இருந்தாள். வீடு முடிந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லித்தான் விட்டுவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தபால் நிலையத்துக்கு வெளியே இருக்கிற தொலைபேசிக் கூண்டில் நின்று நொமிக்கி மகளோடு பேசுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஓடு வந்த மறுநாள், தெமெலினா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"கூரை போட்டாச்சாம்மா?"

"போடப் போறோம். தகரம்."

தெமெலினாவுக்குப் பின்னாலிருந்து செவாஸ்தியின் குரல் கணீரென்று கேட்டது. "தகரமா? எங்க அண்ணன் பொண்ணைத் தகரத்துக்கு அடியிலயா படுக்கவைக்கப் போறாங்க? நான் இங்க பிப்ரவரிக்கு ஸ்கூல்ல பேர் குடுத்துட்டேன்னு சொல்லுடி!"

"அப்பா உள்ள படுப்பாராம்மா?" என்று தெமெலினா மெதுவாகக் கேட்டாள்.

"படுப்பார்."

"படுத்த அப்புறம் சொல்லு. அப்பா தூங்கற வீட்டுல நானும் தூங்குவேன். அதுக்கு முன்னாடி வரமாட்டேன்."

பதின்மூன்று வயதுப் பெண் போடுகிற நிபந்தனையைப் பாருங்கள்! நொமிக்கிக்குக் கோபம் வரவில்லை. பிப்ரவரிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கூண்டுக்குள் நின்றபடியே விரல்விட்டு எண்ணினாள். பிப்ரவரியில் பள்ளி திறந்துவிட்டால் பெண் அங்கேயே தங்கிவிடுவாள். செவாஸ்திக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் தெமெலினாவுக்கென்று ஒரு தனி அறை, மேஜை, விளக்கு எல்லாம் வந்துவிட்டது. இதெல்லாம் நொமிக்கிக்குத் தெரியாமல் இல்லை.

அப்படியானால் ஓடே போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சக்கெலாரிஸும் அதைத்தான் கேட்டான். அங்கேதான் நொமிக்கியின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அவள் வெறும் ஆசைக்காகத் தகரம் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு கேட்டாள்.

அவள் வேலை பார்த்தது கட்டுமானத் தொழிலாளர் முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில். இருநூறு பேருக்குச் சமையல். வந்த புதிதில் ஆட்டுக்கறியில் அவள் எலுமிச்சம்பழம் பிழிந்ததற்குப் பெரிய கலவரமே நடந்தது. கூரை வேலைக்காரர்களின் தலைவன் க்ளெம் ஹார்ட்டேக்கர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டான். ஐம்பது வயது, வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. "யம்மா, இதுல புளிக்குதே, கெட்டுப்போச்சா?" என்றான். "உன் நாக்குதான் கெட்டுப்போச்சு. சாப்பிடு," என்றாள் நொமிக்கி. ஒரு மாதத்தில் அவனே எலுமிச்சம்பழத்தை மூட்டையாக வாங்கிக் கொண்டுவந்து போட்டான்.

அந்த க்ளெமைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை கறி கேட்டு வருகிறவனை நிறுத்திவைத்து ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கேள்வி கேட்டாள்.

"தகரம் ஏன் போச்சு? ஆணி சரியில்லையா?"

"ஆணி இல்லம்மா, திருகாணிதான் போட்டிருந்தாங்க. திருகு போகலையே. வா, காட்டறேன்."

முகாமுக்குப் பின்னால் பழைய தகடுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. க்ளெம் ஒன்றை இழுத்துப் போட்டு ஒரு ஓட்டையைக் காட்டினான். திருகு இருந்த இடத்தைச் சுற்றித் தகரம் நட்சத்திரம் மாதிரிக் கிழிந்திருந்தது.

"பாத்தியா? திருகு கட்டையிலயே நின்னுடுச்சு. ராத்திரி பூரா காத்து தகட்டைத் தூக்கித் தூக்கி அடிச்சுது. கம்பியை ஒரே இடத்துல மடக்கி மடக்கி நீட்டினா என்ன ஆகும்? ஒடியும்ல? அப்படித்தான் தகரம் திருகைச் சுத்திக் கிழிஞ்சு கழண்டுக்கிச்சு. இப்போ தடிமனான தகடு. திருகுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு, அதுக்கடியில ரப்பர். திருகும் முன்னைவிட மூணு மடங்கு. அப்புறம் கூரைக் கட்டையிலேருந்து சுவத்துக்குள்ளாற இறங்கற கம்பி, நேரா அஸ்திவாரத்துக்குப் போகுது. கூரையைத் தூக்கணும்னா வீட்டையே தூக்கணும்."

"ஓடு?"

க்ளெம் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "ஓடும் போடலாம். வீடு குளுகுளுன்னு இருக்கும், மழை பேஞ்சாலும் சத்தம் இருக்காது. ஆனா ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு கொக்கி போடணும். ரெண்டாயிரம் ஓடுன்னா ரெண்டாயிரம் கொக்கி. எல்லாத்தையும் எவன் சரியா மாட்டினான்னு எப்படித் தெரியும்? கடைசி நூறுல சாயங்காலம் ஆயிருக்கும், பசி வந்திருக்கும், நீ வேற கறி வெச்சிருப்பே."

நொமிக்கி சிரிக்கவில்லை. கிழிந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சக்கெலாரிஸின் விரலைத் தின்றது இப்படி ஒரு தகடுதான் என்று தோன்றியதும் வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டாள். தகரத்தைத் தொடவே அவளுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காதது வேறு, தெரிந்துகொண்டது வேறு. தகரத்தில் திருகின் தலை வெளியே தெரிகிறது, ஒவ்வொன்றையும் அவளே ஏறிப் பார்த்துவிட முடியும். ஓட்டுக்கு அடியில் மறைந்துபோகிற இரண்டாயிரம் கொக்கியை எவராலும் பார்க்க முடியாது.

சண்டை அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நடந்தது. கூரையில்லாத வீட்டின் நடுக்கூடத்தில், அந்த மூன்று ஓடுகளுக்குப் பக்கத்தில்.

"ஓட்டுக்கு நாளைக்கு ஆர்டர் குடுக்கப் போறேன்," என்றான் சக்கெலாரிஸ்.

நொமிக்கி குனிந்து ஓடு ஒன்றை ஒரே கையால் தூக்கினாள். தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். "இதுதான் உன் கனமா? நான் ஒத்தைக் கையில தூக்கிட்டேன். நாப்பத்தோரு வயசுக் கிழவி!"

"ரெண்டாயிரம் ஓட்டைத் தூக்குவியா?"

"காத்து ரெண்டாயிரத்தையும் சேர்த்துத் தூக்காது மனுஷா. ஒண்ணைத் தூக்கும். அப்புறம் அதுக்குப் பக்கத்துல இருக்கறதை. தகரத்தை எப்படித் தூக்குச்சோ அப்படித்தான்."

"எனக்குப் பாடம் எடுக்காதே. கனம்னா என்னன்னு எனக்குத் தெரியும். கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்கினவன் நான். கல்லு கையில இருக்கற வரைக்கும் எந்த நீரோட்டமும் என்னை அசைச்சதில்ல. காபிக் கடையில எவனை வேணும்னாலும் கேளு. கலிம்னோஸ்காரன் ஒருத்தன்கூடத் தகரம்னு சொல்லமாட்டான்."

அது உண்மை. காபிக் கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கிரேக்க நாட்டுக் கலிம்னோஸ் தீவில் கடற்பஞ்சு அறுத்தவர்கள். போருக்குப் பிறகு இயந்திரத்துக்கும் காற்றுக் குழாய்க்கும் வழியில்லாமல் சிலர் பழைய முறையிலேயே முங்கினார்கள். தட்டையான பளிங்குக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகிலிருந்து குதித்தால் அது மளமளவென்று அடி வரைக்கும் கொண்டுபோய்விடும். அந்தப் பழக்கம் டார்வினுக்கு வந்து முத்துச் சிப்பிக்கு முங்கி, அதுவும் சரிப்படாமல் கொத்துக்கரண்டி பிடித்த பிறகும் அவர்களை விடவில்லை. கனம் இருந்தால் பத்திரம். கூரைக்கும் அதே கணக்கு. சக்கெலாரிஸ் ஓடு வாங்கி வந்ததே அந்தக் கணக்கில்தான். அந்தத் தப்புக் கணக்கைக் கலிம்னோஸ்காரனைத் தவிர வேறு எவன் போடுவான்?

நொமிக்கி ஓட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

"கல்லு உன்னைக் கீழ கொண்டுபோச்சு. சரி. மேல யார் கொண்டுவந்தது?"

சக்கெலாரிஸ் குந்தி உட்கார்ந்து, அவள் வைத்த ஓட்டை மற்ற இரண்டின் மேல் அடுக்கினான்.

"சொல்லு. பதினெட்டு வயசுல, ஆப்பிரிக்காப் பக்கம், அடியில மூச்சு முட்டி மயங்கிக் கிடந்தியே, கல்லா உன்னைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு? எங்கப்பா படகுல உன் இடுப்புக் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஒரு இழுப்புன்னா நல்லா இருக்கேன், இங்கயே இருக்கேன். ரெண்டு இழுப்புன்னா என்னை மேல தூக்கு. நீ ஒரு இழுப்புகூட இழுக்கலை. கயிறு பேசாம போச்சேன்னு அவரே இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தார். அதனாலதான் நீ இன்னிக்கு இங்க நின்னு கனம் கனம்னு பேசறே."

"அது வேற..."

"எதுவும் வேற இல்ல! கனம் கீழ போறவனுக்கு. நமக்கு வேண்டியது கட்டு. நீ உன் கையாலேயே அஸ்திவாரத்துலேருந்து சுவத்துக்குள்ள கம்பி விட்டிருக்கே. அரசாங்கம் சொல்லுது, வெக்கறேன்னு முணுமுணுத்துக்கிட்டே வெச்சே. அது என்னன்னு நினைச்சே? கயிறுய்யா அது! அதுல கட்டின கூரையை நம்பமாட்டேன், தூக்கிப்போட்ட கல்லை நம்புவேன்னா எப்படி?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் வந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் பயம்தான் சக்கெலாரி. தகரத்தைப் பார்த்தா எனக்கும் குலை நடுங்குது. ஆனா எனக்கு என் பொண்ணு வேணும். பயத்துக்குப் பிடிச்ச கூரை எனக்கு வேண்டாம், பொண்ணைக் காப்பாத்தற கூரை வேணும்."

சக்கெலாரிஸ் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். கேரவன் படியில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினான்.

"போட்டுக்கோ உன் தகரத்தை," என்றான். "உங்கப்பாவை நடுவுல இழுத்துட்டே, இனிமே நான் என்ன பேச முடியும்? ஆனா ஒண்ணு. உள்ள சாப்பிடுவேன், உக்காருவேன். படுக்க மட்டும் சொல்லாதே. நான் கேரவன்லதான் படுப்பேன். நீ சொல்றது புத்திக்கு ஏறிடுச்சு, ஆனா உடம்பு கேக்கமாட்டேங்குது."

அது பாதி வெற்றிதான். மீதிப் பாதி இல்லாமல் தெமெலினா வரமாட்டாள்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் க்ளெமின் தட்டில் மூன்று கரண்டி கறியைப் போட்டாள். க்ளெம் உஷாரானான்.

"என்னம்மா வேணும்? மூணு கரண்டிக்குப் பெரிசா ஏதோ இருக்கே."

"என் கூரைக்கு ஒரு கம்பி அதிகமா வேணும்."

"எதுக்கு? வரைபடத்துல எல்லாம் இருக்கே. பத்தாதுன்னு எந்த எஞ்சினியர் சொன்னான்?"

"படுக்கை அறையில. கட்டில் தலைமாட்டுல. மேல கூரைக் கட்டையில கட்டி, கீழ தரைக் காங்கிரீட்டுல இறக்கி முடுக்கணும். சுவத்துக்குள்ள வேண்டாம். வெளியில, கைக்கு எட்டற மாதிரி."

"அசிங்கமா இருக்குமேம்மா! அந்தக் கம்பி வீட்டுக்குத் தேவையே இல்ல."

"வீட்டுக்கு இல்ல. என் புருஷனுக்கு."

சக்கெலாரிஸின் கையைக் க்ளெமும் பார்த்திருக்கிறான். மேலே ஒரு கேள்வியும் கேட்காமல் கறியைச் சாப்பிட்டான். போகும்போது மட்டும், "பெருவிரல் தடிமன் கம்பி போதுமா?" என்று கேட்டான்.

செப்டம்பரில் தகடு ஏறியது. நொமிக்கி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து ஏணியில் ஏறினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிய அவளைப் பார்த்து எதிர்வீட்டில் வேலை செய்தவர்கள் விசில் அடித்தார்கள். "உங்க அம்மாவைப் பார்த்தும் இப்படித்தான் விசில் அடிப்பீங்களா?" என்று மேலேயிருந்தே ஒரு சத்தம் போட்டாள், அதோடு நின்றது. ஒவ்வொரு திருகின் தலையையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஆறு திருகில் ரப்பர் கோணலாக இருந்தது. ஆறையும் கழற்றி மாட்டச் சொன்னாள். கூரை வேலைக்காரர்கள் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டம் கட்டினார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை, அவர்களுக்கு கொழுத்த ஆட்டை அறுத்து விருந்து வைத்தாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் குடி புகுந்தார்கள். வீடு நிறைய வேண்டுமென்று வழக்கப்படி வாசலில் மாதுளம்பழத்தை ஓங்கி அடித்து உடைத்தான் சக்கெலாரிஸ், முத்துகள் கூடம் முழுக்கச் சிதறின. உள்ளே சாப்பிட்டான், உட்கார்ந்தான், வானொலி கேட்டான். பொழுது சாய்ந்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு கேரவனுக்குப் போய்விட்டான். காபிக் கடையில் கேட்கவா வேண்டும்! "என்ன சக்கெலாரி, வீட்டுக்காரி இன்னும் சேத்துக்கலையா? மாலை வாங்கிக்கிட்டுப் போய்ப் பாரு!" என்று பிடித்துக்கொண்டார்கள். அவன் சீட்டுக் கட்டை எறிந்துவிட்டு எழுந்து வந்தான்.

கட்டிலின் தலைமாட்டில் அந்தக் கம்பி நின்றது. க்ளெம் அதற்குச் சாம்பல் வண்ணம்கூடப் பூசிக் கொடுத்திருந்தான். சக்கெலாரிஸ் முதல் நாள் அதைப் பார்த்ததும், "இது என்ன, துணி காயப்போடவா?" என்று கேட்டான். "ஆமா," என்றாள் நொமிக்கி. விளக்கம் சொன்னால் அவன் முறைத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தெமெலினா, "படுத்தாரா?" என்று கேட்பாள். "இன்னும் இல்ல," என்பாள் நொமிக்கி. பொய் சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை.

நவம்பர் வந்தது. வானம் கறுத்துக் கறுத்து ஏமாற்றிக்கொண்டிருந்தது. புழுக்கத்தில் ஆளாளுக்கு எரிந்து விழுந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நொமிக்கி அடுக்களையில் திராட்சை இலையில் அரிசியையும் கறியையும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று இருட்டியது. ஒரு குளிர்ந்த காற்று வீட்டுக்குள் புகுந்து ஜன்னல் திரையைக் கூரை வரைக்கும் தூக்கியது. அப்புறம் மழை விழுந்தது.

அம்மாடி, அந்தச் சத்தம்! இரண்டு வருஷமாகத் தகரத்தின் மேல் மழை கேட்காத காது. ஆயிரம் பேர் தலைக்கு மேல் நின்று கல்லைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. நொமிக்கியின் கையிலிருந்த இலை நழுவி விழுந்தது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். காற்று சுவரை ஓங்கி அறைந்தது. கூரை பிய்கிற சத்தத்துக்காக அவள் உடம்பு முழுக்கக் காதாகிக் காத்திருந்தது. பிய்கிற சத்தம் வரவில்லை. வெறும் மழைச் சத்தம்தான் வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சக்கெலாரிஸ் கேரவனுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தான். முழுக்க நனைந்து, கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. அவன் உள்ளே வந்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட அவளைத் தாண்டி நேரே படுக்கை அறைக்குப் போனான். நொமிக்கி கையைக்கூடத் துடைக்காமல் பின்னாலேயே போனாள்.

சக்கெலாரிஸ் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் அந்தக் கம்பியைப் பிடித்திருந்தான். மூன்று விரல்தான். ஆனால் முட்டி வெளுக்கப் பிடித்திருந்தான். கண்ணை மூடியிருந்தான், உதடு துடித்துக்கொண்டிருந்தது. நொமிக்கி ஏதோ சொன்னாள். அவள் சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை. அதனால் அருகில் போய் நின்று, அவன் கைக்கு மேலே கம்பியைத் தானும் பிடித்தாள். மேலே கூரை உறுமிக்கொண்டிருந்தது. கம்பியில் லேசாக ஓர் அதிர்வு இருந்தது, அவ்வளவுதான். அது அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கம்பியை இழுத்தான். ஒரு தடவை.

நொமிக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது இழுப்புக்குக் காத்திருந்தாள். ரெண்டு இழுத்தால் தூக்க வேண்டும். இவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போக வேண்டும், அதோடு எல்லாம் முடிந்தது, பெண்ணும் இல்லை, வீடும் இல்லை. மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் காத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது இழுப்பு வரவில்லை.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. அதற்கு முன்பே சக்கெலாரிஸ் ஈரச் சட்டையோடு சாய்ந்து தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது, கை கம்பியிலேயே இருந்தது. நொமிக்கி அவன் செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து தபால் நிலையத்துக் கூண்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க அவளால் முடியாது.

"என்னம்மா, இன்னிக்கு செவ்வாய்க்கிழமையாச்சே?" என்றாள் தெமெலினா.

"மழை பேஞ்சுது."

"சத்தமாவா?"

"காது கிழிஞ்சு போச்சு."

"அப்பா எங்க?"

"உள்ள. தூங்கறார். குறட்டை விடறார்."

தெமெலினா தொலைபேசியைக் கையால் மூடினாள் போலிருக்கிறது, குரல் அமுங்கித்தான் வந்தது. ஆனாலும் அவள் உள்பக்கம் திரும்பிக் கத்தியது நொமிக்கிக்கு நன்றாகவே கேட்டது.

"அத்தை! என் பெட்டியை எங்க வெச்சிருக்கீங்க?"